கம்பளி மூட்டையில் அமர்ந்தவர்

நேயர்களுக்கு வணக்கம். சட்டம் இயற்றும் அவைக்குத் தலைமை வகிப்பவர், அமைச்சரவையிலும் ஓர் உறுப்பினர், போதாக்குறைக்கு நீதித்துறையின் தலைவரும் அவரே என்றால், அதிகாரப் பிரிவினையைப் பாடமாகப் படித்தவர்களுக்குத் தலை சுற்றும். இங்கிலாந்தின் லார்ட் சான்சலர் இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை அப்படித்தான் இருந்தார்.

அரசரின் எழுத்தராகவும் முத்திரைக் காப்பாளராகவும் தொடங்கிய பதவி இது. அந்தப் பெருமுத்திரை பதியாத அரசாணை செல்லாது என்பதால்தான், 1688இல் நாட்டைவிட்டுத் தப்பியோடிய இரண்டாம் ஜேம்ஸ் அதைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிட்டுப் போனார். நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் சான்சலர் அமர்ந்த இருக்கையோ, சிவப்புத் துணி போர்த்திய ஒரு கம்பளி மூட்டை. கம்பளி வணிகத்தால் நாடு செழித்ததற்கு அடையாளமாகப் பதினான்காம் நூற்றாண்டில் வைக்கப்பட்ட அதனை 1938இல் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே இருந்தது குதிரைமுடி!

அரசருக்கு இத்தனை நெருக்கமாக இருந்ததற்கு விலையும் உண்டு. சான்சலர் பதவியிலிருந்து விலகிய பிறகும் அரசர் எட்டாம் ஹென்றியின் கோபத்துக்குத் தப்பாத தாமஸ் மோர், 1535இல் தலை வெட்டப்பட்டார். இன்னொரு சான்சலரான பிரான்சிஸ் பேக்கன் 1621இல் கையூட்டுக் குற்றச்சாட்டில் பதவி இழந்தார்.

நமக்கும் இதில் ஓர் ஒட்டுறவு உண்டு. சென்னையிலிருந்து லண்டனுக்குச் சென்ற மேல்முறையீடுகளைக் கேட்ட பிரிவி கவுன்சில் நீதிக்குழுவில் சான்சலரும் உறுப்பினர். ராமநாதபுரம் ஜமீனின் தத்து வழக்கு 1868இல் முடிவானது அந்தக் குழுவின் முன்புதான்.

2003 ஜூனில் பிரதமர் டோனி பிளேர் இப்பதவியை ஒழிக்கப்போவதாக அறிவித்தார். பல நூறு ஆண்டுகளாகச் சட்டங்களுக்குள் வேர்விட்ட ஒன்றை ஓர் அறிவிப்பால் பிடுங்கிவிட முடியுமா? புதிதாகச் சான்சலராக நியமிக்கப்பட்ட ஃபால்கனர் பிரபுவே கம்பளி மூட்டையில் அமர வேண்டியதாயிற்று. 2005இல் வந்த அரசியலமைப்புச் சீர்திருத்தச் சட்டம் பெயரை விட்டுவைத்து, நீதித்துறைத் தலைமையைத் தலைமை நீதிபதிக்கு மாற்றியது. 2006இல் பிரபுக்கள் சபை தனக்கெனச் சபாநாயகரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் தனியே இயங்கத் தொடங்கியது.

பிரித்தது சரியே என்பது என் கருத்து. ஆயினும், நீதிபதிகளுக்காக அமைச்சரவைக்குள் உரத்துப் பேசக்கூடிய மூத்த சட்ட அறிஞர் ஒருவரின் இடம் அதோடு காலியானது. நீதித்துறையின் சுதந்திரத்தைக் காப்பதாகச் சான்சலர் இன்றும் உறுதிமொழி எடுக்கிறார். 2016 நவம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவது தொடர்பான பிரெக்சிட் வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதிகளை ஒரு நாளேடு மக்களின் எதிரிகள் என்று தலைப்பிட்டு ஏசியபோது, அன்றைய சான்சலர் லிஸ் டிரஸ் அவர்களுக்காகப் போதிய உறுதியுடன் பேசவில்லை என்று தலைமை நீதிபதி தாமஸ் பிரபு மறு ஆண்டு நாடாளுமன்றக் குழுவின் முன் வெளிப்படையாகவே குறை கூறினார்.