குட்டை நகமும் ஒரு மயிரிழை இடைவெளியும்

வணக்கம். நகப்பூச்சைப் பற்றி வானொலியில் பேச வந்திருக்கிறேன். நிறத்தைக் காட்ட முடியாத இடத்தில் நிறத்தைப் பற்றிப் பேச்சா என்று வீட்டில் சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தால், நான் காட்ட வேண்டிய படம் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது, அதுவும் ஆளுக்குப் பத்து. கையைத் துடைத்துக்கொண்டு, விரல்களை நீட்டி, புறங்கை தெரிகிற மாதிரி கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்கிறவர்கள் மட்டும் வேண்டாம், நீங்கள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நகம் விரல் நுனியைத் தாண்டாமல் இருக்கிறதா? அல்லது நூலளவு மட்டும் தாண்டியிருக்கிறதா? அப்படியானால் இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

நான் 31 வருடம் செவிலியராக வேலை பார்த்தவள். எங்கள் தொழிலில் நகம் வளர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் கைச் சுத்தம் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது. நோயாளியைத் தொட்டுப் பராமரிப்பவர்கள் செயற்கை நகம் ஒட்டக்கூடாது, சொந்த நகத்தின் நுனி அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கையில் கிருமிகள் மிக அதிகமாகத் தங்குகிற இடம் நகத்துக்கு அடியில்தான், அதனால் இந்த விதி. நாங்கள் வேலை நேரத்தில் பூச்சும் போடுவதில்லை. ஆகவே எனக்கு நகப்பூச்சு என்பது விடுமுறை நாள் விஷயம். முதல் நாள் மாலை பூசுவேன், மறுநாள் இரவு அழித்துவிடுவேன்.

ஆரம்பத்தில் நல்ல சிவப்பாக, தோலிலிருந்து தோல் வரைக்கும் நிரப்பிப் பூசுவேன். பார்த்தால் ஒவ்வொரு விரல் நுனியிலும் பெரிய பொட்டு வைத்த மாதிரி இருக்கும். மனசு கேட்காமல் ஒரு அழகு நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல என்னக்கா பண்றது? கொஞ்சம் வளர்த்துக்கிட்டு வாங்க" என்றாள். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. இந்தப் பேச்சே ஒரு வகையில் அந்தப் பெண்ணுக்கான பதில்தான்.

பதில் கிடைத்தது தற்செயலாக. ஒருநாள் அவசரத்தில் பூசினேன், தூரிகை நகத்தின் இரண்டு ஓரங்களையும் தொடவே இல்லை. சரி, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்த தோழி, "நகம் வளர்க்கிறியா என்ன?" என்று கேட்டாள். முந்தின நாள்தான் வெட்டியிருந்தேன்.

இப்போது உங்கள் நகத்தைப் பாருங்கள். குட்டை நகம் கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும், அகலமும் நீளமும் ஏறக்குறைய ஒன்று. முழுவதும் நிறத்தை நிரப்பினால் கண்ணில் அந்தச் சதுரம்தான் படும், அதுவும் விரலை அகலமாகக் காட்டும் சதுரம். இரண்டு பக்கத்திலும் ஒரு மயிரிழை அளவுக்கு இடம் விட்டுவிடுங்கள். நிறம் இருக்கிற பகுதி ஒடுங்கிவிடும், அதனாலேயே நீளமாகத் தெரியும். நகம் ஒரு துளிகூட வளரவில்லை, கண்தான் ஏமாறுகிறது. இன்னும் ஒரு லாபம், பூச்சு நீடிக்கும். தோலில் எண்ணெய்ப் பசை இருக்கும், தோல் அசைந்துகொண்டும் இருக்கும். தோலில் ஏறிய பூச்சு அங்கிருந்துதான் முதலில் கிளம்பும், பின்னாலேயே நகத்தின் மேலிருப்பதையும் உரித்துக்கொண்டு வரும். ஆகவே மயிரிழை. இடது பக்கம் ஒரு மயிரிழை, வலது பக்கம் ஒரு மயிரிழை, அடியிலும் ஒரு மயிரிழை. இன்றைக்கு வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நான் இன்னும் நாலைந்து முறை சொல்லத்தான் போகிறேன்.

அடியில் என்றேன் அல்லவா? அங்கேதான் நகம் பிறக்கிறது. அங்கே ஒரு மெல்லிய தோல் நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அழகு நிலையங்களில் க்யூட்டிக்கிள் என்பார்கள். அதை வெட்டி எடுத்தால் நகம் நீளமாகத் தெரியும் என்று சிலர் வெட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புட்டியின் மூடி மாதிரி அது. தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நானும் ஒருமுறை வேறொரு அழகு நிலையத்தில் அதை வெட்டிக்கொண்டவள்தான். நான்காம் நாள் நகச்சுத்தி வந்தது. நகக்கண்ணில் ஊசி ஏற்றினாற்போல் என்று சொல்வார்களே, அந்த வலி. சீழ்ப் பிடித்த விரலோடு நோயாளியைத் தொடக்கூடாது என்று என்னை வார்டை விட்டே அனுப்பிவிட்டார்கள். கைச் சுத்தம் பற்றிப் புதிதாக வந்த பெண்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். அவர்கள் எவ்வளவு சிரித்தார்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. குளித்து முடித்ததும் அந்தத் தோல் மென்மையாக இருக்கும், துண்டின் முனையால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். அது போதும்.

ஆனால் குளித்த கையோடு பூசிவிடாதீர்கள். நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும், காயும்போது மறுபடி சுருங்கும். உப்பின நகத்தின் மேல் பூசினால், சுருங்கும்போது பூச்சின் பிடி தளர்ந்துவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

சரி, எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் என்னால் நகத்தைப் பற்றிப் பேச முடியாது. அமெரிக்காவில் வில்லியம் பீன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். தன் கட்டைவிரல் நகம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். மாதத்தின் முதல் தேதி வந்தால் நகத்தின் அடியில், தோலை ஒட்டி, அரத்தால் குறுக்கே ஒரு சின்னக் கோடு கீறுவார். அந்தக் கோடு நகர்ந்து நகர்ந்து நுனிக்கு வந்து சேர எத்தனை நாள் என்று குறித்துவைப்பார். இதை ஒரு மாதம் செய்யலாம், ஒரு வருடம் செய்யலாம். மனிதர் 35 வருடம் செய்தார்! 1980இல் ஒரு மருத்துவ இதழில் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். 32 வயதில் அவர் நகம் ஒரு நாளைக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்தது. 67 வயதில் 0.095 மில்லிமீட்டர். வயது ஏற ஏற நகமும் நிதானத்துக்கு வந்துவிட்டது.

இந்தக் கதையைக் கேட்டதும் நானும் கோடு கீறினேன். எத்தனை மாதம் தாக்குப்பிடித்தேன் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு. மூன்றாவது மாதம் முதல் தேதி நினைவுக்கு வந்தபோது தேதி ஒன்பது. அவர் எந்த ஊருக்குப் போனாலும், எந்த வேலையில் இருந்தாலும், முதல் தேதியில் அரத்தை எடுத்திருக்கிறார். அவர் வீட்டார் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

கதையை நான் சும்மா இழுக்கவில்லை. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். நடுவிரலில் கொஞ்சம் வேகம், கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் கொஞ்சம் மெதுவு. அப்படியானால் நீங்கள் பூச்சுப் போட்ட பத்தாம் நாள், அடியில் ஒரு மில்லிமீட்டர் வெறும் நகம் எட்டிப் பார்க்கும். நீள நகத்தில் ஒரு மில்லிமீட்டர் ஒன்றுமே இல்லை. குட்டை நகத்தில் அது பத்தில் ஒரு பங்கு! அடர்ந்த நிறமாக இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். ஆகவே குட்டை நகத்துக்கு இரண்டு வழி. ஒன்று, நகத்தின் சொந்த நிறத்தை ஒட்டிய, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற நிறம். புது நகம் வளர்ந்தது யாருக்கும் தெரியாது. இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் அப்படி ஒரு வெளிறிய இளஞ்சிவப்பைத்தான் பல வருடம் வைத்திருந்தார், அரசிக்கே அது போதுமாக இருந்தது. இன்னொன்று, அடியை வேண்டுமென்றே வெறுமையாக விட்டுவிடுவது. நகத்தின் அடியில் வெள்ளையாக ஒரு பிறை தெரிகிறது பாருங்கள், கட்டைவிரலில் நன்றாகத் தெரியும். அந்தப் பிறையை விட்டுவிட்டு மேலே மட்டும் பூசுங்கள். இது நான் கண்டுபிடித்தது இல்லை. 1920களிலும் 30களிலும் நாகரிகப் பெண்கள் இப்படித்தான் பூசினார்கள். ஏற்கெனவே வெறுமையாக இருக்கிற இடத்தில் வெறும் நகம் வளர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

பிறை என்றதும் நினைவு வருகிறது. நகத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் கால்சியம் குறைவு என்று எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது எங்கேயோ இடித்துக்கொண்டதன் அடையாளம். இடித்தது வாரக்கணக்கில் முன்னால், நமக்கு மறந்துபோயிருக்கும். அது வளர்ந்து வெளியே போய்விடும். விட்டுவிடுங்கள்.

இப்போது பூசும் விதம். முதலில் அரம். முன்னும் பின்னும் ரம்பம் மாதிரி அறுக்காமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் நுனி அடுக்கடுக்காகப் பிரியும். என்ன வடிவம் என்று கேட்பீர்கள். நகத்தின் அடிப்பக்க வளைவைப் பாருங்கள், அதே வளைவை நுனியிலும் கொண்டுவாருங்கள். குட்டை நகத்தைக் கூராக்க முயல வேண்டாம், முனைகளை உள்ளே தள்ளி வெட்டவும் வேண்டாம்.

அப்புறம் புட்டி. குலுக்காதீர்கள், குமிழி வரும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். பூச்சு காய்வது என்றால் அதிலிருக்கும் திரவம் ஆவியாகிப் போவதுதான், மிஞ்சுவது ஒரு மெல்லிய படலம். அந்தப் படலத்தில் முக்கியமான பொருள் நைட்ரோசெல்லுலோஸ். ஒரு காலத்தில் கார்களுக்கு அடித்த பெயின்ட்டிலும் அதுதான் இருந்தது. தடிமனாகப் பூசினால் மேலே ஆடை கட்டிவிடும், அடியில் ஈரம் மாட்டிக்கொள்ளும். காய்ந்துவிட்டது என்று நம்பிப் படுத்தால், காலையில் போர்வையின் நெசவு நகத்தில் அச்சாகியிருக்கும். எல்லோருக்கும் நடந்திருக்கும், எனக்கும்தான். மெல்லியதாக இரண்டு தடவை, நடுவில் சில நிமிடம் இடைவெளி. நடுவில் ஒரு இழுப்பு, பக்கத்துக்கு ஒரு இழுப்பு, மொத்தம் மூன்று. ஓரத்தில் மயிரிழை! கடைசியில் நுனியின் விளிம்பையும் தூரிகையால் ஒருமுறை தொட்டுவிடுங்கள், உதிர்வது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

வலது கைக்காரர்கள் இடது கையால் பூசும்போது தூரிகை நடுங்கும். முழங்கையையும் மணிக்கட்டையும் மேசையில் ஊன்றுங்கள். தூரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு, பூச வேண்டிய விரலை மெதுவாக உருட்டுங்கள். தோலில் பட்டுவிட்டால் பதற வேண்டாம், பல்குத்தும் குச்சியின் முனையை ரிமூவரில் தொட்டு ஓரமாக ஒரு வழித்து வழித்தால் போய்விடும்.

சின்னச் சின்ன அலங்காரம் சிலது சொல்லலாம் என்று குறித்துவந்தேன். முதலாவது, ஒரே ஒரு புள்ளி. நிறமில்லாத பூச்சு போட்டுக் காயவிட்டு, ஹேர்பின்னின் உருண்டை முனையை நிறத்தில் தொட்டு, பிறைக்குச் சற்று மேலே நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். முதல் சொட்டு பெரிதாக விழும், அதைக் காகிதத்தில் வைத்துவிட்டு இரண்டாவதை நகத்தில் வையுங்கள். பத்து நகத்திலும் வேண்டும் என்பதில்லை, மோதிர விரலில் மட்டும் வைத்தால்கூட எனக்குப் பிடிக்கும். அடுத்தது, அடியிலிருந்து நுனி வரை ஒரு மெல்லிய நெடுக்குக் கோடு. சரியாக நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், கோணினாலும் தெரியாது. நெடுக்குக் கோடு நீளத்தைக் காட்டும், நடுவில் போடுகிற குறுக்குக் கோடு நகத்தை இரண்டாக வெட்டிவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமா? இன்னும் நாலு விஷயம் இருக்கிறதே. சரி, வேகமாகச் சொல்கிறேன்.

ஜெல் பூச்சு. வாரக்கணக்கில் நிற்கும், விளக்கில் காட்டி இறுக்குவார்கள். சுரண்டி உரிக்காதீர்கள், நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். தோலில் படாமல் போடச் சொல்லுங்கள், சிலருக்கு ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது. இங்கேயும் மயிரிழைதான். பூச்சே வேண்டாம் என்பவர்கள் பஃபர் என்கிற மெருகுக் கட்டையை வைத்துத் தேய்த்தால் நகமே பளபளக்கும், ஆனால் மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம், நகம் மெலிந்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ஒளியை நகத்தின் வழியாகச் செலுத்தித்தான் அளக்கிறது, அடர் நிறம் அதைக் குழப்பலாம். நகத்தின் நிறத்தை நாங்களும் பார்க்க வேண்டியிருக்கும்.

நுனி வெள்ளைக் கோடு, அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பிரெஞ்ச் மேனிக்யூர் என்று பெயர். ஆனால் 1970களில் அதைப் பரப்பிய ஜெஃப் பிங்க் என்ற அமெரிக்க நகப்பூச்சு வியாபாரி ஹாலிவுட் நடிகைகளுக்காகச் செய்தது அது. எல்லா உடுப்புக்கும் பொருந்தவேண்டும் என்று கேட்டார்களாம். குட்டை நகத்தில் அந்தக் கோடு பட்டையாக இருந்தால் நகத்தையே விழுங்கிவிடும், நூல் மாதிரி இருக்க வேண்டும். வெள்ளைதான் என்று இல்லை, எந்த நிறமும் போடலாம். பூச்சு நுனியில் மட்டும் உதிர்ந்துபோனால் அழிக்க உட்காராதீர்கள், உதிர்ந்த இடத்தின் மேலேயே அந்த நூல் கோட்டை இழுத்துவிடுங்கள், இன்னும் மூன்று நாள் ஓடும். இப்போது ஒரு விரல் காட்டுகிறார்கள், அந்த விரலில் பூச்சு தோல் வரைக்கும் போயிருக்கிறது, வெளியே போய்ச் சொல்லிவிடுகிறேன். வணக்கம்.