மனு போடுங்கள், அப்புறம் பேசலாம்

நடுவர் அவர்களே, பேசி முடித்துவிட்டு இப்போதுதான் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, அவருக்குத் தட்டிய சூடு ஆறுவதற்குள் எனக்கும் கை தட்டிவிடப் போகிற சபையோரே, எல்லோருக்கும் வணக்கம், தோத்திரம்.

பின்வரிசையில் தாமதமாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். திருச்சபையில் ஒடுக்கப்பட்ட மக்களின் குரல் எடுபட வேண்டுமென்றால் தலைமைப் பதவிக்குப் போட்டியிட வேண்டுமா, வெளியே நின்று போராட வேண்டுமா? போட்டியிட வேண்டும் என்பது எங்கள் அணி. அண்ணன் பேசியதைச் சுருக்கினால், நாற்காலியில் உட்கார்ந்தவன் நாற்காலிக்காரனாகவே மாறிவிடுவான், அதனால் உட்காரவே வேண்டாம் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் உட்காராவிட்டால் அந்த நாற்காலி காலியாகவா இருக்கப்போகிறது? யாரோ ஒருவர் ஏற்கனவே அதில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாரே!

அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். தலைமை என்றவுடன் எல்லோருக்கும் பேராயரின், அதாவது பிஷப்பின், அங்கியும் செங்கோலும் கண்ணில் தெரிகிறது. கொஞ்சம் கீழே பாருங்கள். ஒரு குருவின் பொறுப்பில் இருக்கிற சபைகள் சேர்ந்ததுதான் சேகரம், அதன் கமிட்டி கூடுகிறது. வாக்காளர் பட்டியல் மேசைக்கு வருகிறது. சங்கக் காணிக்கை என்கிற சபைச் சந்தாவைப் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது என்பது விதி. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், சரி. ஆனால் யார் வீட்டுக்கு ஆள் போய் "பாக்கியைக் கட்டிருங்க, லிஸ்ட் போடப்போறாங்க" என்று சொல்கிறது, யார் வீட்டுக்குப் போகாமலே இருந்துவிடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கூலி வேலைக்குப் போகிற வீட்டில் மூன்று மாதம் வேலை இல்லையென்றால் காணிக்கை நின்றுபோகும், பட்டியலில் பெயர் போகும், அடுத்த தேர்தலில் அந்தத் தெருவுக்கே குரல் போய்விடும். இதற்கு யாரும் அரிவாள் எடுக்கவில்லை, யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. ஒரு பேனா போதுமானதாக இருந்தது. அந்தப் பேனா பட்டியலில் ஓடுகிறபோது அதே மேசையில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்து "ஐயா, கொஞ்சம் நில்லுங்க, அந்தத் தெருவுக்கு யாரு போய்ச் சொன்னது?" என்று கேட்டால் போதும், பாதிப் பெயர் தப்பித்துவிடும். வெளியே கொடி பிடித்துக்கொண்டு நிற்பவருக்குப் பட்டியல் போட்டதே மறுவாரம்தான் தெரியவரும்.

அண்ணன் வேதத்திலிருந்து ஆரம்பித்தார், தீர்க்கதரிசிகள் எல்லாம் வெளியே நின்றுதான் சத்தம் போட்டார்கள் என்றார். நானும் வேதத்துக்கே வருகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள், ஆறாம் அதிகாரம். ஆதிச்சபையிலேயே பாரபட்சம் இருந்திருக்கிறது பாருங்கள். கிரேக்க மொழி பேசுகிற விதவைகளை அன்றாடப் பந்தியில் சரியாகக் கவனிக்கவில்லை, முறுமுறுப்பு வந்துவிட்டது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? அனுதாபம் தெரிவித்து அறிக்கை விட்டார்களா? விசாரணைக் கமிஷன் போட்டார்களா? சபையைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள், அவர்களை இந்த வேலைக்கு வைக்கிறோம் என்றார்கள். சபை தெரிந்தெடுத்த பெயர்களைப் படியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்! பந்தியில் யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள். சபை ஓட்டு என்று ஒன்று தொடங்கியதே இந்தப் பிரச்சினையில்தான் என்று நான் சொல்வேன், வேத பண்டிதர்கள் யாராவது இங்கே இருந்தால் பிறகு என்னைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது நம்மூருக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்றால் இங்கே பாதிப் பேருக்குக் கதை தெரியும். 1872இல் கட்டிய கோயிலில் நடுவே சுவர். ஒரு பக்கம் வெள்ளாளர், மறு பக்கம் நாடார், ஒரே பீடத்தைப் பார்த்து இரண்டு சிறகுகளாகக் கட்டடம். கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. எத்தனையோ வருடம் அந்தச் சுவரைப் பார்த்து மனம் நொந்தவர்கள் உண்டு. கடைசியில் 1910 வாக்கில் அது இடிக்கப்பட்டது. இடித்தது யார்? கோயில் நிர்வாகம் யார் கையில் இருந்ததோ அவர்கள். சுவர் வேண்டும் என்றவர்கள் சும்மா இருக்கவில்லை, உயர் நீதிமன்றம் வரை போனார்கள். கிறிஸ்தவர்களுக்குள் அப்படித் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. சுவரை எதிர்த்து முறையிட்டவர்கள் வெளியே இருந்தார்கள், அவர்கள் இல்லாவிட்டால் பிரச்சினையே எழுந்திருக்காது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் கடப்பாரையை எடு என்று சொல்லும் அதிகாரம் பதவியில் இருந்தது.

அண்ணன் உடனே குறித்துக்கொள்கிறார், தெரிகிறது. "அப்படியானால் நல்ல மனசுள்ள தலைவர் ஒருவர் இருந்தால் போதுமே, ஒடுக்கப்பட்டவரே எதற்குப் போட்டியிட வேண்டும்?" என்று கேட்பார். போதாது அண்ணே. 1833இல் கல்கத்தாவின் பிஷப் டேனியல் வில்சன், தமிழ்ச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று கண்டிப்பான கடிதம் அனுப்பினார். நற்கருணைப் பாத்திரத்தில் யார் முன்னால் குடிப்பது, யார் பின்னால் குடிப்பது என்பது வரைக்கும் சாதி ஊறிப்போயிருந்த காலம். கடிதம் நல்ல கடிதம்தான். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோபித்துக்கொண்டு சபையை விட்டே போனார்கள், போகாதவர்கள் மனசுக்குள் வைத்துக்கொண்டார்கள், சாதி இருந்த இடத்திலேயே இருந்தது. கல்கத்தாவில் இருக்கிற பெரியவர் கட்டளை போடலாம், ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பந்தியில் என்ன நடக்கிறது என்று அவரால் பார்க்க முடியுமா? பார்க்க வேண்டிய இடத்தில், பட்டவர்களில் ஒருவர் பொறுப்போடு உட்கார்ந்திருக்கவில்லை. ஏறத்தாழ இருநூறு வருடம் கழித்தும் நம் ஊர்களில் தனிக் கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிற நாம் எழும்பும்போதும் தெரு பிரித்துத்தான் எழும்புவோம் போலிருக்கிறது.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தோன்றாத விஷயம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்கிற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும், 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவருக்கு இல்லை. அதனால் பஞ்சாயத்தில் பட்டியல் சாதிக்கென்று ஒதுக்கிய வார்டில் அவர் நிற்க முடியாது, சட்டமன்றத் தனித்தொகுதியிலும் நிற்க முடியாது. பொதுத்தொகுதியில் நிற்கலாம், யார் சீட் கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆக, ஊரில் அந்தக் கதவு சாத்தியாயிற்று. தன் எண்ணிக்கைக்கு மதிப்பு இருக்கிற ஒரே தேர்தல் அவருக்குச் சபைத் தேர்தல்தான். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணமே, சுமார் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று சொல்கிறது. அங்கே ஆயரை ரோமில் இருந்து நியமிக்கிறார்கள், ஓட்டுக்கு வழியில்லை. இத்தனை கோடிப் பேரிலிருந்து போப்புக்கு அடுத்த நிலையில் ஒரு தலித் கர்தினால், ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, 2022இல்தான் வந்தார். நம் தென்னிந்தியத் திருச்சபையில் அப்படி இல்லை. 1947 செப்டம்பர் 27 அன்று அது தொடங்கியதிலிருந்தே பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தின் டயோசீசன் கவுன்சில் ஓட்டுப் போட்டுப் பெயர்களை அனுப்பும், திருச்சபையின் தலைமை மன்றமான சினாட் அதிலிருந்து பேராயரைத் தேர்ந்தெடுக்கும். அதாவது கத்தோலிக்கத் தோழர்கள் ஏங்குகிற ஒரு வாய்ப்பு நம் கையில் இருக்கிறது, அதைப் போய் அண்ணன் வேண்டாம் என்கிறார்!

சரி, அண்ணனின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவின் சாமுவேல் குரோதர் கதையைச் சொல்லி எல்லோரையும் உருக வைத்துவிட்டார். அடிமையாகப் பிடித்துச் செல்லப்பட்டு மீட்கப்பட்ட சிறுவன், 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப்பாகிறார். கடைசிக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் மிஷனரிகள் அவருடைய குருமார்களைக் குற்றம் சொல்லி நீக்குகிறார்கள், கிழவர் மனமுடைந்து பொறுப்பிலிருந்து விலகி 1891இல் சாகிறார், அவர் இடத்துக்கு ஒரு ஐரோப்பியர் வருகிறார். உண்மை, ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம். ஆனால் அவரை யாரால் ஓரங்கட்ட முடிந்தது என்று பாருங்கள். பணமும் கமிட்டியும் லண்டனில் இருந்தது, அந்தக் கமிட்டியில் அவர் ஆட்கள் இல்லை. பிஷப் நாற்காலியில் ஒருவர், கமிட்டியில் பூஜ்யம். இந்தக் கதையிலிருந்து அண்ணன் "நிற்காதே" என்று எடுத்துக்கொள்கிறார், நான் "தனியாக நிற்காதே" என்று எடுத்துக்கொள்கிறேன். சேகரக் கமிட்டிக்கு நில்லுங்கள், கவுன்சிலுக்கு நில்லுங்கள், பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்கு நில்லுங்கள், பொருளாளருக்கு நில்லுங்கள். அதிலும் பொருளாளர்! பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் நீதி பேசுங்கள், பேச்சுக்கே ஒரு கனம் வந்துவிடும்.

பதவிக்குப் போனவர்கள் எல்லாம் வாய்மூடிப் போகவும் இல்லை. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் டெஸ்மண்ட் டூட்டு 1986இல் கேப் டவுன் பேராயரானார். தெருவில் கூட்டம் கூடினால் போலீஸ் அடிக்கிற காலம். 1989 செப்டம்பரில் அவருடைய புனித ஜார்ஜ் பேராலயத்திலிருந்து கிளம்பிய ஊர்வலத்தில் சுமார் 30,000 பேர் நடந்தார்கள். போராட்டம் வெளியேதான் நடந்தது அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். கூடுவதற்கு இடம் கொடுத்த அந்தப் பேராலயத்தின் சாவி யாரிடம் இருந்தது? அந்த இடத்தில் அரசுக்குப் பயந்த ஒரு பேராயர் இருந்திருந்தால் கதவு பூட்டியிருக்கும். நம் பக்கமே பாருங்கள், தென்னிந்தியத் திருச்சபையின் பேராயர் எம். அசரியா 1990களில் சென்னைத் திருமண்டலத் தலைமையில் இருந்துகொண்டுதான் தலித் விடுதலையை மேடைக்கு மேடை பேசினார். பதவி அவர் வாயை அடைக்கவில்லை, ஒலிபெருக்கியைக் கொடுத்தது.

பெண்கள் விஷயத்தை அக்கா ஒருவர் எங்கள் அணியில் விரிவாகப் பேசிவிட்டார், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2012 நவம்பரில் இங்கிலாந்துத் திருச்சபையில் பெண் பிஷப் வேண்டும் என்ற தீர்மானம் தோற்றது. பிஷப்புகள் அவையில் ஜெயித்தது, குருமார் அவையில் ஜெயித்தது, குருமார் அல்லாத பொதுநிலையினர் அவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஆறு ஓட்டுக் குறைந்தது. ஆறே ஆறு! லட்சம் பேர் வாசலில் நின்று பாடியிருந்தாலும் அந்த ஆறு ஓட்டு உள்ளே விழுந்திருக்காது. 2014 ஜூலையில் அது நிறைவேறுவதற்குள் இங்கே நம் திருச்சபையில் புஷ்ப லலிதா அம்மையார் 2013லேயே நந்தியால் பேராயராகிவிட்டார் என்பது நமக்குக் கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொள்ளலாம் போன்ற சமாச்சாரம்.

தேர்தல் என்றாலே பணம், அணி, விருந்து, வழக்கு, ஸ்டே என்று அண்ணன் வரிசையாக அடுக்கினார். இல்லை என்று சொன்னால் இந்த அரங்கமே சிரிக்கும். திருமண்டலத் தேர்தல் வந்தால் ஊரில் நடக்கிற கூத்து சட்டமன்றத் தேர்தலுக்கே பாடம் எடுக்கும். ஆனால் காசுள்ளவன் கெடுத்துவைத்த இடத்தைக் காசில்லாதவன் பார்த்து முகம் சுளித்து ஒதுங்கினால் யாருக்கு லாபம்? காசுள்ளவனுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு உண்டா? அண்ணன் "நாங்கள் பரிசுத்தமாக வெளியே இருக்கிறோம்" என்று சொல்கிறபோது அந்தப் பக்கத்தில் யாரோ "ரொம்ப நன்றி" என்று சொல்வது எனக்குக் கேட்கிறது.

கடைசியாக அம்பேத்கரை இழுத்தார். அவர் இந்து மதத்தை உள்ளே இருந்து மாற்ற முடியாது என்று வெளியேறினாரே என்றார். வெளியேறினார், 1956இல். அதற்கு முன்னால் என்ன செய்தார்? அரசியல் நிர்ணய சபைக்குள் போனார், வரைவுக் குழுத் தலைவரானார், சட்ட அமைச்சரானார், ஒத்துவராதபோது 1951இல் ராஜினாமாவை வீசினார். 1952இல் பம்பாயில் மக்களவைக்கு நின்று தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலில் மறுபடி நின்றார், மறுபடி தோற்றார். அவர் படத்தை மாட்டிவைத்துக்கொண்டு "தேர்தலில் நிற்காதே" என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

நிற்கிறவர் மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "நான் எல்லோருக்கும் பொதுவானவன்" என்று மழுப்பி ஓட்டு வாங்கி ஜெயித்தால் அண்ணன் சொன்னதுதான் நடக்கும், நாற்காலிக்காரனாகத்தான் மாறுவார். கல்லறைத் தோட்டத்தை ஒன்றாக்குவேன், சபைப் பள்ளிக்கூட வேலை நியமனத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு உரிய பங்கு கேட்பேன், பாக்கி வைத்தவன் பெயரை வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் அடிக்க விடமாட்டேன் என்று வாக்குறுதியை நோட்டீஸிலேயே அச்சடித்துவிட்டு நிற்க வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை. எதிரே நிற்கிறவர் அந்த மூன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டிய நிலைமை வந்துவிடும். இதுவரை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, இதோ முடிக்கிறேன். தீர்ப்பை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். எனக்கு வேண்டியது அண்ணனிடம். அடுத்த சேகரத் தேர்தலில் எங்கள் தெருவிலிருந்து ஒரு அக்கா மனு போடப்போகிறார். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒரு கையெழுத்துக் குறைகிறது. போராட்டக்காரர் கையெழுத்து என்றால் இன்னும் நன்றாக இருக்கும் அண்ணே, பேனா என்னிடமே இருக்கிறது.