திறப்பை விடுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள்

(வெள்ளவத்தையில் பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரை)

சபையோருக்கு வணக்கம்.

போன மாதம் காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் ஒரு பொடியன் வலிப்பு வந்து விழுந்துவிட்டான். வெள்ளைச் சீருடை, பதின்மூன்று வயது இருக்கும். கைகால் வெட்டி இழுக்கிறது, வாயோரம் நுரை. ஒருவர் திறப்புக்கோர்வையை அவன் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடிக்கிறார். இன்னொருவர் பல்லை நெம்பக் கரண்டி கேட்கிறார். எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இரண்டரை நிமிடத்தில் தானாகவே அடங்கியது.

நேரத்தை ஏன் பார்க்க வேண்டும்? முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நம் மூளையில் ஒரு நரம்புக்கலம் அடுத்ததைத் தட்டியெழுப்பப் பெரும்பாலும் பயன்படுத்துவது குளுட்டமேற் என்ற இரசாயனம். அளவோடு சுரந்தால் அதுதான் படிப்பு, அதுதான் ஞாபகம். வலிப்பில் எண்ணற்ற கலங்கள் ஒருசேரத் துடிக்கும்போது அது கொட்டுகிறது. வாங்கும் கலத்தின் கதவுகள் திறந்தபடியே கிடக்க, கல்சியம் உள்ளே பாய்கிறது. அந்தக் கல்சியம் கலத்தின் சொந்த நொதியங்களை ஏவிவிட, அவை கலத்தையே அரிக்கின்றன. சக்தி தரும் இழைமணிகளும் சோர்ந்துபோகின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம்மவர்கள் சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. குளுட்டமேற்றின் இந்த நச்சுத்தன்மையை 1969இல் விளக்கியவர் ஜோன் ஓல்னி.

அதிகம் அடிபடுவது ஹிப்போகாம்பஸ். கடற்குதிரை போல வளைந்த, புதிய ஞாபகங்களைப் பதியவைக்கும் பகுதி. வலிப்பு நோயாளரின் மூளையில் அங்கே கலங்கள் அழிந்திருப்பதை ஜெர்மனியின் வில்ஹெல்ம் சொமர் 1880இலேயே எழுதிவைத்தார். மூச்சுத் தடைப்படுவதால்தானே கலம் சாகிறது என்று நீங்கள் கேட்கலாம். 1973இல் பிரையன் மெல்ட்ரமின் குழு பபூன் குரங்குகளில் அதைச் சோதித்தது. தசைகளைத் தளர்த்தி, செயற்கைச் சுவாசம் கொடுத்து, ஒட்சிசனைக் குறையவிடாமல் பார்த்தார்கள். நீண்ட வலிப்பின் பின் அப்போதும் கலங்கள் செத்திருந்தன. சேதம் குறைந்தது, நிற்கவில்லை.

பெற்றோர் பயப்பட வேண்டாம். ஓரிரு நிமிட வலிப்பு இப்படியான அழிவைச் செய்வதாகத் தெரியவில்லை. கைகால் இழுக்கும் வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் அது தானாக நிற்கும் வாய்ப்புக் குறைவு. அரை மணியைத் தாண்டினால் நிரந்தரச் சேதம் வரலாம். ஆகவே பிள்ளையைப் பக்கவாட்டில் சரியுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்தாவது நிமிடத்தில் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். கையில் திணிக்கும் இரும்பு ஒன்றும் செய்யாது.

அந்தப் பொடியனின் தாய் ஆட்டோவில் ஓடிவந்தார். முதலில் சொன்னது, "ரீச்சர், பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிப்போடாதேங்கோ." யாரோ சொன்னதைக் கேட்டுக் குளிசையை மூன்று வாரமாக நிறுத்தியிருந்தாராம். எனக்கு நெஞ்சு பதறியது. சரியான மருந்தை ஒழுங்காக எடுத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம். திடீரென்று நிறுத்துவதுதான் அடங்காத வலிப்பைக் கூப்பிடுவது.

"நாளைக் காலமை கிளினிக்குக்குப் போவம், நானும் வாறன்" என்றேன். போனோம்.