மலையே தீவாக நிற்கும் டொமினிக்கா

வணக்கம் நேயர்களே.

2023 ஜூலையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டில் அஸ்வின் 12 விக்கெட் எடுத்தது கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆட்டம் நடந்தது ரோசோ நகரத்து விண்ட்சர் பார்க் மைதானத்தில். தொலைக்காட்சியில் பந்து உயரே போனபோதெல்லாம் பின்னால் ஒரு பச்சை மலை தெரிந்தது. நான் இன்று பேச வந்திருப்பது அந்த மலையைப் பற்றித்தான்.

நாட்டின் பெயர் டொமினிக்கா, கரீபியன் கடல் பகுதியில் இருக்கும் ஒரு தீவு. டொமினிக்கன் குடியரசு என்பது வேறு நாடு. டிக்கெட் எடுக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வடக்கே குவாதலூப், தெற்கே மார்ட்டினிக் என்று இரண்டு பிரெஞ்சுத் தீவுகள். நடுவில் இருப்பது டொமினிக்கா. பரப்பு சுமார் 750 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை 70 ஆயிரம் அளவில். 1978 நவம்பர் 3ஆம் தேதி பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. இவ்வளவு சின்ன இடத்தில் 1,447 மீட்டர் உயரத்துக்கு ஒரு சிகரம் நிற்கிறது, மோர்ன் டியாப்ளோத்தேன் என்று பெயர். கடற்கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் நிலம் அப்படியே மேகத்துக்குள் ஏறிவிடும். சமதரை மிகக் குறைவு. கடற்கரைகளிலும் பெரும்பாலும் எரிமலைக் கல் பொடிந்த கறுப்பு மணல்தான்.

வெள்ளை மணலும் பெரிய சொகுசு விடுதி வரிசையும் தேடுகிறவர்கள் பக்கத்துத் தீவுகளுக்குப் போய்விடுகிறார்கள். டொமினிக்கா தப்பித்தது அதனால்தான் என்பது என் எண்ணம்.

போய்ச் சேருவது கொஞ்சம் சுற்று. பார்பேடோஸ், ஆன்டிகுவா போன்ற தீவுகளிலிருந்து சிறிய விமானங்கள் வருகின்றன. மியாமியிலிருந்து நேரடி விமானமும் உண்டு. குவாதலூப், மார்ட்டினிக் வழியாகப் படகிலும் வரலாம். ஆனால் அவை பிரான்ஸின் பகுதிகள், அங்கே விசா விதிகள் வேறு. முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் இருப்பது வடகிழக்கில், தலைநகர் ரோசோ தென்மேற்கில். நடுவே மொத்தத் தீவையும் கடக்க வேண்டும். வரைபடத்தில் விரல் அளவு தூரம்தான், ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. வயிறு புரட்டும் சுபாவம் உள்ளவர்கள் முன் இருக்கையில் உட்காருவது நல்லது.

அந்தச் சாலையிலேயே தீவின் பச்சை உங்களைப் பிடித்துக்கொள்ளும். மரத்தின்மேல் கொடி, கொடியின்மேல் பாசி, பாசியின்மேல் இன்னொரு செடி என்று வெறும் பாறையைப் பார்ப்பதே அபூர்வம். அட்லாண்டிக்கின் ஈரக் காற்று கிழக்கிலிருந்து ஓயாமல் வீசுகிறது. மலை அதை மேலே தள்ளுகிறது. மேலே போன காற்று குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. உள்மலைகளில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் இடங்கள் இருக்கின்றன. அதே மலையின் மேற்குச் சரிவில், கடலோரத்தில், மழை குறைந்து புதர்க்காடாக இருக்கும். மண்ணோ எரிமலைச் சாம்பல் மக்கிய மண். நட்டதெல்லாம் பிடித்துக்கொள்ளும். வேலிக்கு ஊன்றிய கம்பு துளிர்த்து நிற்பதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

அந்த மலைகளே எரிமலைகள்தான். அட்லாண்டிக் கடலடியிலுள்ள பூமியின் மேலோட்டுத் தட்டு கரீபியன் தட்டின் அடியில் மெல்ல இறங்குகிறது. அதனால் எழுந்த தீவு வரிசையில் ஒன்று இது. பக்கத்து மார்ட்டினிக்கிலும் மோன்செராட்டிலும் ஆளுக்கொரு எரிமலைதான் பயமுறுத்துகிறது. டொமினிக்காவில் உயிருள்ளவை என்று கருதப்படும் எரிமலைகள் ஒன்பது. அவற்றின் மூச்சை நேரில் பார்க்க வேண்டுமென்றால் கொதிக்கும் ஏரிக்கு நடக்க வேண்டும்.

லோடா என்ற மலைக் கிராமத்துக்கு அருகில், டிட்டூ என்ற குறுகலான நீர்ப்பிளவின் பக்கத்தில் பாதை தொடங்குகிறது. போக மூன்று, நான்கு மணி நேரம். வரவும் அவ்வளவே. எனக்கு வழிகாட்டியாக வந்தவர் அந்தப் பகுதிப் பெண். ரப்பர் காலணியோடு சேற்றில் ஒரு தடவைகூட வழுக்காமல் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். முதல் பகுதி அடர்ந்த மழைக்காடு. மரங்களின் அடியில் ஆள் உயரப் பலகை வேர்கள், தலைக்கு மேலே மரப்பெரணிகள். நடுவில் ஓர் ஓடை வரும், பெயரே காலைச் சிற்றுண்டி ஆறு. பெரும்பாலானவர்கள் அங்கே உட்கார்ந்து எதையாவது சாப்பிட்டுக்கொள்கிறார்கள். அப்புறம் ஏற்றம். மோர்ன் நிக்கோல்ஸ் முகட்டில் காற்று தள்ளுகிறது, மரங்கள் குட்டையாகி இடுப்பளவுக்கு வந்துவிடுகின்றன. அங்கிருந்து எதிரே, காட்டுக்கு நடுவில், ஒரு புகைத்தூண் தெரியும். ஏரி அங்கேதான் இருக்கிறது.

அதற்குமுன் பாழ்வெளிப் பள்ளத்தாக்கு என்ற இடத்தைக் கடக்க வேண்டும். கையைப் பிடித்துப் பிடித்து இறங்கினால், பச்சை சட்டென்று நின்றுவிடுகிறது. தரை சாம்பலும் மஞ்சளும் துருச் சிவப்புமாக இருக்கிறது. ஒரு ஓடையில் தண்ணீர் பால் வெள்ளையாக ஓடுகிறது, பத்தடி தள்ளி இன்னொன்று கறுப்பாக ஓடுகிறது. பாறை இடுக்குகளிலிருந்து நீராவி சீறுகிறது, கந்தக வாடை மூக்கை அடைக்கிறது. வழிகாட்டி கால் வைத்த இடத்தில்தான் நானும் கால் வைத்தேன். சில இடங்களில் மேல்தரை மெல்லிய ஓடுதான், அடியில் கொதிக்கும் சேறு. இங்கே தனியாகப் போகலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கடைசியில் ஏரி. சுமார் 60 மீட்டர் அகலமுள்ள பாறைக் குழி. முதலில் வெறும் வெள்ளைப் புகைதான் தெரிந்தது. காற்று திசை மாறியதும் புகை விலகியது. சாம்பல் நீலத் தண்ணீர், நடுவில் உலை கொதிப்பதுபோலப் பொங்கிப் பொங்கி எழுந்துகொண்டிருந்தது. ஓரத்திலேயே 80, 90 டிகிரி செல்சியஸ் வெப்பம் அளந்திருக்கிறார்கள். இது எரிமலை வாய் இல்லை. அடியிலிருந்து சூடான வாயு வெளியேறும் ஒரு துவாரத்தில் மழையும் ஓடை நீரும் நிறைந்து ஏரியாகியிருக்கிறது. கீழே உருகிய பாறையின் வெப்பம் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கிறது. நியூசிலாந்திலுள்ள ஒரு வெந்நீர் ஏரிக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரியது என்கிறார்கள். 2004 இறுதியில் இந்த ஏரியின் நீர் வற்றி இறங்கியது, சில மாதங்களில் திரும்ப நிறைந்தது. ஏரி இருக்கும் மோர்ன் துவா பித்தோன் தேசியப் பூங்கா 1975இல் அமைந்தது. 1997இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

இந்த மலை மனிதர்களுக்கு என்ன செய்தது என்பது எனக்கு ஏரியைவிடப் பெரிய விஷயம்.

ஐரோப்பியர்கள் வந்த பிறகு கரீபியன் தீவுகளில் பூர்வகுடிகள் பெரும்பாலும் அழிந்துபோனார்கள். டொமினிக்காவில் கலினாகோ மக்கள் நிலைத்தார்கள். இந்தக் காட்டுக்குள்ளும் மலைக்குள்ளும் அவ்வளவு எளிதாகப் படை நடத்த முடியவில்லை. 1748இல் பிரிட்டனும் பிரான்ஸும் இதை நடுநிலைத் தீவாக விட்டுவிட ஒப்புக்கொண்டன. அந்த ஒப்பந்தம் நிலைக்கவில்லை, 1763இல் பிரிட்டன் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு தோட்டங்களிலிருந்து தப்பிய ஆப்பிரிக்க அடிமைகளுக்கும் இதே மலை இடம் கொடுத்தது. உள்காட்டில் அவர்கள் ஊர்கள் அமைத்து, தலைவர்களோடு, பல ஆண்டுகள் போராடினார்கள். அவர்களில் ஜாக்கோ என்ற தலைவர் 1814இல் கொல்லப்பட்டார். அவருடைய மக்கள் செங்குத்தான சரிவில் வெட்டிய படிகள் லாயூ ஆற்றுப் பக்கம் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு படியும் அவ்வளவு உயரம். துப்பாக்கியும் மூட்டையுமாக ஒரு சிப்பாய் இதில் ஏறினால் என்ன ஆகியிருப்பான் என்று ஏறிப் பார்த்தால் புரியும்.

கலினாகோ பகுதி கிழக்குக் கரையில் இருக்கிறது. 1903இல் 3,700 ஏக்கர் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. நிலம் எல்லோருக்கும் பொது, தனியாள் யாரும் விற்க முடியாது. தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வாசலில் உட்கார்ந்து லரூமா என்ற நாணலில் கூடை பின்னுகிறார்கள், மரவள்ளியைத் துருவி, பிழிந்து, பெரிய இரும்புத் தட்டில் ரொட்டி சுடுகிறார்கள். நமக்குத் தெரிந்த கிழங்குதான், ஆனால் அது தென் அமெரிக்காவிலிருந்து நமக்கு வந்தது, அந்த மக்களுக்கோ முன்னோர் காலத்து உணவு. அங்கே ஓர் இரவாவது தங்குங்கள். வீட்டோடு சேர்ந்த தங்கும் அறைகள் கிடைக்கும், நீங்கள் கொடுக்கும் பணம் நேராக அந்தக் குடும்பத்துக்குப் போகும். 2023இல் சில்வானி பர்ட்டன் என்ற கலினாகோ பெண்மணி அந்த நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும், முதல் பூர்வகுடியும் அவர்தான்.

இன்னொன்று. சுதந்திர நாள் சமயத்தில் பெண்கள் பாரம்பரிய உடை உடுத்துவார்கள். தலைக்கட்டிலும் பாவாடையிலும் கட்டம் போட்ட துணி. அதன் பெயர் மதராஸ். சென்னைப் பக்கத்து நெசவுத் துணி, காலனிக் கால வணிகத்தில் கடல் தாண்டிப்போய், அவர்களுடைய தேசிய உடையாகிவிட்டது. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் புயலைச் சொல்லாமல் விட முடியாது. 2017 செப்டம்பர் 18ஆம் தேதி இரவு மரியா புயல், புயல்களிலேயே மிக வலுவான ஐந்தாம் வகை வேகத்தோடு, தீவின் மேலேயே ஏறிப் போனது. பெரும்பாலான வீடுகளின் கூரை போய்விட்டது. பிரதமர் வீட்டுக் கூரையும் தப்பவில்லை. இழப்பு நாட்டின் ஓர் ஆண்டு மொத்த உற்பத்தியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். மறுநாள் மலைகள் பழுப்பாக நின்றன, இலை ஒன்றுகூட இல்லை. சில வாரங்களில் மரங்கள் துளிர்த்துவிட்டன, மனிதர்களுக்கு ஆண்டுகள் ஆயின. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்தான் எரிகா புயல் மழையில் மலை சரிந்து, பெத்தீத் சவான் என்ற ஊரே காலி செய்யப்பட்டிருந்தது. காட்டை வளர்க்கும் அதே மழையும் அதே செங்குத்துச் சரிவும்தான் ஊரைச் சாய்க்கின்றன. காலநிலையைக் கெடுத்ததில் அந்தச் சின்ன நாட்டின் பங்கு மிக அற்பம். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடல் பக்கம் ஒரு வார்த்தை. தெற்கே ஷாம்பெயின் பாறைத்திட்டில் கடலடியிலிருந்து எரிமலை வாயு குமிழிகளாக எழும். அதற்குள் நீந்தலாம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமாகிவிடுவதால் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் குடும்பம் குடும்பமாக ஆண்டு முழுக்க அங்கே வாழ்கின்றன. படகுக்காரர் ஒலிவாங்கியைத் தண்ணீரில் இறக்கி, அவை எழுப்பும் டிக் டிக் ஓசையைக் கேட்டுத்தான் தேடிப் போகிறார். 2023இல் அவற்றுக்காகச் சுமார் 800 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பிப்ரவரி முதல் மே வரை மழை குறைவு. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் உச்சம், தவிர்த்துவிடுங்கள். விஷப் பாம்பு கிடையாது, தைரியமாகக் காட்டில் நடக்கலாம். ஊருக்குள் போக மினி பஸ் இருக்கிறது, நம்பர் பிளேட் எச் என்ற எழுத்தில் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை அதை நம்ப வேண்டாம். சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கஷ்டமில்லை. சுட்ட சீமைப்பலா, வாழைக்காய், சேப்பங்கிழங்கு எல்லாம் தாராளம். சேம்பு இலையில் தேங்காய்ப்பால் விட்டுச் செய்யும் கலாலூ சூப்பில் நண்டு சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பெரிய உல்லாசக் கப்பலில் காலையில் வந்து, ட்ரஃபால்கர் அருவியைப் படம் எடுத்துக்கொண்டு, மாலையில் போய்விடுபவர்கள் ஏராளம். அருவி அழகுதான். ஆனால் கலினாகோ ஊரும் ஜாக்கோ படிகளும் அந்த ஒரு பகலுக்குள் அடங்காது. இப்போது வடகிழக்கில் புதிய சர்வதேச விமான நிலையம் கட்டுகிறார்கள், கொதிக்கும் ஏரி வரை கேபிள் கார் போடும் திட்டமும் நடக்கிறது. அந்த மக்களுக்கு வேலை வேண்டும், வருமானம் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வெளியாளான எனக்கு உரிமை இல்லை. நடக்கத் தெம்பில்லாதவர்களும் ஏரியைப் பார்ப்பார்கள், அது நல்லது. முழங்கால் ஒத்துழைக்கிறவர்கள் மட்டும் லோடாவில் ஒரு வழிகாட்டியைப் பிடித்து, விடியற்காலையிலேயே கிளம்பி நடந்தே போங்கள். திரும்பி வந்ததும் டிட்டூவின் குளிர்ந்த தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கழுவிக்கொள்ளலாம்.

நன்றி. வணக்கம்.