ஆன்டிஆக்ஸிடன்ட் எண் ஏறினால் கர்ப்பிணிக்கு நல்லதா?

சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம். கர்ப்பகால இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதாகக் கிளினிக்கில் சொன்ன கையோடு, ஆன்டிஆக்ஸிடன்ட் சாறு விற்பவர் வாசலில் வந்து நிற்பது நம் தோட்டப்புறத்தில் புதிதல்ல. "மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்" என்றோர் எண்ணை உயர்த்துவதாக அவர் சொல்வார். அது உயர்ந்தால் மகிழலாமா? சற்றுப் பொறுங்கள்.

முதலில் பின்னணியை விரைவாக முடித்துவிடுவோம். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மந்தமாக்குகின்றன. அதற்கு ஈடாகக் கணையம் சுரக்க இயலாதபோது சர்க்கரை ஏறுகிறது. மலேசியாவில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் சோதனையில், வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரம் கழித்து 7.8 மில்லிமோல் (லிட்டருக்கு) என்ற வரம்புகளில் ஒன்றை எட்டினாலே நோய் உறுதியாகிறது. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை, கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் விரைவாகப் புதுப்பிக்கப்படுவதால், உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும்.

இனி ஆன்டிஆக்ஸிடன்ட் கதைக்கு வருவோம். சர்க்கரை மிகும்போது உருவாகும் தீவிர மூலக்கூறுகள் கொழுப்பைச் சிதைக்கின்றன; அவற்றை அடக்கும் பொருள்களே ஆன்டிஆக்ஸிடன்ட்கள். கொழுப்புச் சிதைவின் எச்சமான மலோன்டையால்டிஹைடு இத்தாய்மார்களிடம் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற காப்பு நொதிகள் ஓர் ஆய்வில் குறைந்தும் மற்றோர் ஆய்வில் கூடியும் காணப்படுகின்றன. கூடியிருந்தால், உடல் வலுவாக இருக்கிறது என்று கொள்வதா, ஆபத்தை உணர்ந்து நொதியை அவசரமாகப் பெருக்குகிறது என்று கொள்வதா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். இரத்தத்தின் மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை அளக்கும் சில முறைகளில், பெரும்பங்கு வகிப்பது யூரிக் அமிலம். ஆம், தாத்தாவின் கால் பெருவிரலை வீங்கவைத்து இரவெல்லாம் புலம்பவைக்கும் அதே யூரிக் அமிலம்தான்! இரத்த அழுத்தம் ஏறும் பிரீஎக்லாம்ப்சியாவில், சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாததாலும் அதன் அளவு உயரும். எனவே உங்கள் எண் ஏறியிருப்பது சாற்றின் மகிமையாக இருக்கலாம். சிறுநீரகம் திணறுவதன் அடையாளமாகவும் இருக்கலாம். கல்யாண வீட்டு வாசலில் விருந்தாளியையும் செருப்புத் திருடனையும் ஒன்றாக எண்ணி "நல்ல கூட்டம்" என்று பூரிப்பதைப் போன்றது இது.

சரி, விட்டமின் மாத்திரையாவது உதவுமா? கர்ப்பத்துக்கு முன்பிருந்தே முதல் வகை நீரிழிவு கொண்ட 762 பெண்களுக்கு, ஒரு பாதியினருக்கு விட்டமின் சியும் ஈயும், மறுபாதியினருக்குப் போலி மாத்திரையும் கொடுத்து நடத்திய பிரிட்டன் ஆய்வு 2010இல் வெளியானது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், பிரீஎக்லாம்ப்சியா குறைந்ததாக அதில் உறுதிப்படவில்லை. நம்மைச் சுற்றியிருக்கும் செம்பனையின் எண்ணெயிலும் ஒருவகை விட்டமின் ஈ உண்டுதான். அதற்காகக் கரண்டி கரண்டியாகக் குடிக்கத் தொடங்கிவிடாதீர்கள்!

ஏற்கெனவே ஏதேனும் சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் அக்கா தங்கைகள், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கர்ப்பப் பதிவுப் புத்தகத்தோடு அந்தப் போத்தலையும் எடுத்துச் சென்று தாதியிடம் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை மறக்காமல் கமெண்டில் எழுதுங்கள்.