மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை

வணக்கம் நேயர்களே.

எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கும் அக்கா ஒருவர், போன மாதம் கரண்டு பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். "நாங்க இங்கே கம்பெனிய மாத்திட்டோம்மா, பில் குறைஞ்சிருச்சு, நீங்களும் மாத்துங்க" என்று போனில் சொல்லியிருக்கிறார். "தம்பி, நம்ம வீட்டுக்கு எப்போ மாத்துறது நல்லது? எங்கே போய் எழுதிக் கொடுக்கணும்?" என்று அக்கா கேட்டார்.

நான் பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் சார்ஜ்மேன், அதாவது மின்சாரப் பொறுப்பாளர், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்காவோடு உட்கார்ந்து பேசியதைத்தான் இன்று உங்களோடும் பேசப் போகிறேன்.

மகன் சொன்னது உண்மை. சிங்கப்பூரில் 2018 நவம்பரில் தொடங்கி 2019 மே மாதத்துக்குள் எல்லா வட்டாரங்களிலும், யாரிடம் மின்சாரம் வாங்குவது என்பதை வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது. பலருக்கு அது லாபம்தான். ஆனால் 2021 கடைசியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியதும் சில விற்பனை நிறுவனங்கள் கடையை மூடிவிட்டன. அவர்களிடம் இருந்த வீடுகள் பழையபடி அந்நாட்டு மின்விநியோக நிறுவனமான எஸ்பி குழுமத்திடமே வந்து சேர்ந்தன. அங்கே மாறுகிறவர்கள் ஒப்பந்தம் முடியும் தேதியையும் பார்க்க வேண்டும், சந்தை விலை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் மலேசியத் தீபகற்பத்தில் அந்த வழி இல்லை. 2019-இல் மின்துறைச் சீர்திருத்தம் பற்றி அறிவிப்பு வந்தது. இருந்தாலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வீட்டுக்கு இன்றும் தெனாகா நேஷனல் என்ற ஒரே மின்நிறுவனம்தான். அக்காவின் முகம் வாடிவிட்டது. அப்புறம்தான் சொன்னேன்: கம்பெனியை மாற்ற முடியாது, கட்டணத் திட்டத்தை மாற்றலாம்.

2025 ஜூலை 1 முதல் வீடுகளுக்கு இரண்டு வகைக் கட்டணம் இருக்கிறது. ஒன்று பொதுக் கட்டணம். மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருந்தால் எந்த நேரத்தில் பயன்படுத்தினாலும் எரிசக்திக் கட்டணம் யூனிட்டுக்கு 27.03 சென். இன்னொன்று நேரத்துக்கு ஏற்ற கட்டணம். திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை 28.52 சென். மற்ற நேரமெல்லாம் 24.43 சென். சனி, ஞாயிறு, பொது விடுமுறை என்றால் நாள் முழுவதும் அந்தக் குறைந்த கட்டணம்தான். இதோடு சேரும் கொள்ளளவுக் கட்டணமும் (மின்நிலையங்களைத் தயாராக வைத்திருப்பதற்கு) கம்பித்தடக் கட்டணமும் (மின்கம்பிகளுக்கு) இரண்டு திட்டத்திலும் ஒன்றே, அதனால் ஒப்பிடும்போது அவற்றை விட்டுவிடலாம்.

இப்படி நேரம் பார்த்து விலை வைப்பது தொழிற்சாலைகளுக்குப் பழைய கதை. அப்போதெல்லாம் எங்களுக்கு இரவு 10 மணியிலிருந்து காலை 8 மணி வரை குறைந்த கட்டணம். பத்து அடித்ததும் பெரிய கம்ப்ரசரை ஏற்றுவோம்; காலையில் எட்டாவதற்குள் இறக்கிவிடுவோம். வெயில் உச்சியில் ஊரே ஏர்கோன் போடும்போது மின்நிலையங்கள் முழு மூச்சாக ஓடியாக வேண்டும். பிறையிலேயே 1,071 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் ஒன்று இருக்கிறது. உச்ச நேரத் தேவை கூடக் கூட, சில மணி நேரத்துக்காகவே இன்னும் இப்படி நிலையங்கள் கட்ட வேண்டிவரும். அந்தச் செலவைக் குறைக்கத்தான் இரவிலும் வார இறுதியிலும் பயன்படுத்துகிறவருக்கு விலையைக் குறைக்கிறார்கள்.

"மதியம் ரெண்டுல இருந்து பத்து வரைக்கும் தானே தம்பி வீட்டுல எல்லாம் ஓடும்? சமையல், பிள்ளைங்க குளிக்கிறது, டிவி எல்லாம் அப்பதானே? எனக்கு நஷ்டம் ஆயிடாதா?" என்று அக்கா கேட்டார். நியாயமான பயம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்ச நேரத்தில் யூனிட்டுக்கு 1.49 சென் கூடுகிறது. மற்ற நேரத்தில் 2.60 சென் குறைகிறது. குறைவது கூடுவதை விட அதிகம். அதனால் உங்கள் மொத்தப் பயன்பாட்டில் ஏறக்குறைய 63 விழுக்காட்டுக்கு மேல் அந்த உச்ச நேரத்தில் போனால்தான் நஷ்டம். வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம். அதில் உச்ச நேரம் 40 மணிதான். சாதாரணக் குடும்பம் 63 விழுக்காட்டைத் தொடுவது கஷ்டம்.

கஷ்டம் என்றேன், நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. வீட்டில் டியூஷன் வைத்து, மதியம் முழுவதும் இரண்டு ஏர்கோன் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாலை நேரத்துக்கு உணவு தயாரித்து விற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பொதுக் கட்டணத்திலேயே இருப்பது நல்லது. ஆகவே ஊகத்தை நம்ப வேண்டாம், எழுதிப் பாருங்கள்.

அக்கா எழுதினார். எங்கள் கட்டடத்தில் மீட்டர்கள் எல்லாம் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய அறையில் வரிசையாக இருக்கும். மதியம் இரண்டுக்கு ஒரு தடவை, இரவு பத்துக்கு ஒரு தடவை, டார்ச்லைட்டோடு இறங்கி வந்து எண்ணைப் பார்த்து, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். இரண்டு வாரம் ஒரு நாள் விடவில்லை. அந்தத் தாள்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி என்னிடம் கொண்டுவந்தார். கூட்டிப் பார்த்தால் இரண்டு வாரத்துக்கு 226 யூனிட், அதில் உச்ச நேரத்தில் 98. அதாவது 43 விழுக்காடு. அவர் பயந்த அளவுக்கு அருகில்கூட இல்லை.

இந்த இரண்டு வாரத்தை எப்போது வைத்துக்கொள்வது என்பது முக்கியம். பள்ளி விடுமுறையில் வேண்டாம், பிள்ளைகள் பகல் முழுவதும் வீட்டில் இருப்பார்கள். தீபாவளியை ஒட்டியும் வேண்டாம். விருந்தாளி இல்லாத, சாதாரணமான இரண்டு வாரமாக இருக்கட்டும். பில்லைப் பார்த்து அதிர்ச்சியான அன்றே எந்த முடிவும் எடுக்காதீர்கள். அப்படி ஒரு பதற்றத்தில்தான், எங்கள் கட்டடத்தில் ஒருவர் வாசலுக்கு வந்த விற்பனையாளரிடம் 'மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பெட்டி' ஒன்றை வாங்கி, சுவரில் செருகி வைத்திருந்தார். நான் அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன கெப்பாசிட்டர், ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான். வீட்டு மீட்டர் கணக்கிடுவது யூனிட்டை. அந்தப் பெட்டியால் ஒரு யூனிட்கூடக் குறையாது. கொடுத்த காசை நினைத்து எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

சரி, அக்காவுக்கு எவ்வளவு மிச்சம்? மாதம் 480 யூனிட் என்று வைத்தால், பொதுக் கட்டணத்தில் எரிசக்திக்கு மட்டும் 129 ரிங்கிட் 74 சென். நேரக் கட்டணத்தில் 125 ரிங்கிட் 69 சென். மிச்சம் நான்கு ரிங்கிட் சொச்சம். துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் சனிக்கிழமைக்கு மாற்றி, படுக்கையறை ஏர்கோனை எட்டரைக்குப் பதிலாகப் பத்து மணிக்குப் போட்டு, 50 யூனிட்டை நகர்த்தினால் மிச்சம் ஆறு ரிங்கிட்டைத் தாண்டும். வருடத்துக்கு எழுபது ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே. பெரிய தொகை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கைக்காசு எதுவும் போடாமல் வருவது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கா கொண்டுவந்த அந்தப் பில், பேரப்பிள்ளைகள் வந்து தங்கிய மாதத்துடையது. 612 யூனிட். அவரை உலுக்கியது அந்த 12 யூனிட்தான். மாதம் 1,000 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு, சிக்கனத்துக்கான தள்ளுபடி ஒன்று உண்டு. பயன்பாடு எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தப் படியின் தள்ளுபடி மொத்த யூனிட்டுக்கும் கிடைக்கும். 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 25 சென். 600-இல் 9 சென். 601 ஆனால் 7.5 சென். ஆக 600-இல் 54 ரிங்கிட் கிடைத்த தள்ளுபடி, 601-இல் 45 ரிங்கிட்டுக்கு இறங்கிவிடும். அதோடு 600 வரை இல்லாத 10 ரிங்கிட் சில்லறை விற்பனைச் சேவைக் கட்டணமும் வந்து சேரும். அந்த ஒற்றை யூனிட்டுக்கு 19 ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கிறீர்கள். 600-க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி, எரிபொருள் விலைக்கு ஏற்ப மாதாமாதம் மாறும் சரிக்கட்டல் எல்லாம் தனி.

அதனால் 550, 580 என்று இருக்கும் வீடுகள், பில் தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே மீட்டரைப் பாருங்கள். போன பில்லில் இருக்கும் எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்தால் போதும். 570-க்கு மேல் போயிருந்தால், இஸ்திரி வேலையை மீட்டர் எடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இரவில் ஏர்கோனுக்கு நேரம் வைத்து, விடியற்காலையில் அதுவே அணையும்படி செய்யலாம். என்னைக் கேட்டால், 600-ஐ அடிக்கடி தாண்டுகிற வீடு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். திட்டம் மாறுவது அதற்கு அடுத்த வேலை.

மாறுவதற்கு வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் இருக்க வேண்டும். இருந்தால் தெனாகா நேஷனலின் மைடிஎன்பி செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் நாளில் மீட்டரைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். முதல் பில் வந்ததும், உச்ச நேரம், மற்ற நேரம் என்று பிரித்துப் போட்டிருக்கும் யூனிட்டை உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அக்கா போன வாரம் விண்ணப்பித்துவிட்டார். மகனுக்குப் போன் செய்து, "நம்ம வீட்டுல 43 விழுக்காடுதான்டா" என்று சொன்னாராம். இன்னும் அந்த நாள்காட்டித் தாள்களைத் தூக்கிப் போடவில்லை. இப்போது ஐந்தாவது மாடிக்காரர் டார்ச்லைட்டோடு இறங்கி வர ஆரம்பித்திருக்கிறார்.

வணக்கம்.