இலவச டிவியில எந்த சேனல் புள்ளி அடிக்கணும்னு யார் முடிவு பண்ணாங்க?

[திரையில்: 14 அங்குல பழைய கலர் டிவி. படம் முழுக்க புள்ளி.]

ஒரு சேனல் பளிச்சுனு வருது. அடுத்த சேனலுக்குப் போனா ஒரே புள்ளி. ஆன்டெனாவும் கிடையாது, மழையும் கிடையாது. ரெண்டும் ஒரே கேபிள் வயர்லதான் வருது. அப்புறம் ஏன் ஒண்ணு மட்டும் மங்கலா இருக்கு? பதில்ல கொஞ்சம் இயற்பியல் இருக்கு, நிறைய அரசியல் இருக்கு. ஸ்கிப் பண்ணாம பாருங்க, நடுவுலதான் சுவாரஸ்யமே.

முன்கதையை வேகமா முடிச்சிடறேன். 2006 சட்டமன்றத் தேர்தல்ல தி.மு.க. இலவச கலர் டிவி தர்றதா வாக்குறுதி கொடுத்துச்சு. ஜெயிச்சாங்க, அந்த வருஷமே செப்டம்பர் 15 அன்னைக்கு, அண்ணா பிறந்தநாள்ல திட்டம் ஆரம்பிச்சுச்சு. ஒரு கோடி டிவிக்கும் மேல வீடுகளுக்குப் போச்சு. விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், இந்த மாதிரி தேர்தல் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாதுன்னு 2013 ஜூலைல தீர்ப்பு வந்துச்சு. அவ்வளவுதான், முன்கதை முடிஞ்சுச்சு.

[சின்ன இடைவெளி]

இந்த செப்டம்பர் 15-ஐ மட்டும் கொஞ்சம் கவனிங்க. 2007-ல கலைஞர் டிவி ஆரம்பிச்சது அதே தேதி. 2011-ல ஜெயலலிதா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பிச்சதும் அதே தேதி. 2022-ல பள்ளிக்கூடக் காலை உணவு, 2023-ல மகளிர் உரிமைத் தொகை, ரெண்டும் அதே தேதிதான். கட்சி எதுவா இருந்தாலும் நமக்கு ஏதாவது கிடைக்கிற நாள் அண்ணா பிறந்தநாள்தான். காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சுக்கோங்க.

சரி, டிவி ஓசில வந்தாச்சு. படம் யார் காட்டுவா? கேபிள்காரர்தான். அதுக்கு மாசாமாசம் காசு, ஊருக்கு ஒரு ரேட்டு. டிவி ஒரு தடவை கொடுத்தா முடிஞ்சுது, கேபிள் அப்படியா?

இப்ப கேபிள்காரரோட கன்ட்ரோல் ரூமுக்குள்ள போலாம்.

[திரையில்: மொட்டை மாடில டிஷ் வரிசை, உள்ள பெட்டிகள்]

மாடில இருக்கற டிஷ் சேட்டிலைட்ல இருந்து சேனலைப் பிடிக்கும். கீழ ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு மாடுலேட்டர் பெட்டி. அது அந்த சேனலுக்கு ஒரு அதிர்வெண்ணை ஒதுக்கும். சுமார் 50 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு பல நூறு மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வரிசையா அடுக்கி, எல்லாத்தையும் ஒரே வயர்ல அனுப்புவாங்க. விஷயம் எங்க இருக்குன்னா, அதிர்வெண் ஏற ஏற வயர்ல சிக்னல் சீக்கிரம் தேயும். திருவிழா ஸ்பீக்கர் பக்கத்துல நின்னா பாட்டு முழுசா கேட்கும், நாலு தெரு தள்ளிப் போனா 'டும் டும்' மட்டும்தானே கேட்குது? அதேதான். கீழ் வரிசைல, அதாவது குறைஞ்ச அதிர்வெண்ல இருக்கற சேனல் தெருக்கோடி வீட்டுக்கும் பளிச்சுனு போய்ச் சேரும். மேல் வரிசைல இருக்கறது வழில சிக்னலைத் தூக்கிக் கொடுக்கற ஆம்ப்ளிஃபயரோட தயவுல புள்ளியோட வந்து சேரும். அதுலயும் பழைய டிவிகள்ல சிலதுக்கு மேல் வரிசையைப் பிடிக்கவே தெரியாது.

புரியுதா? ஒரு சேனலைப் பிடிக்கலன்னா அதை நிறுத்தவே வேணாம். தடைன்னா கோர்ட், கேஸுன்னு அலையணும். இதுக்கு மாடுலேட்டரைக் கொஞ்சம் திருகி மேல தள்ளினா போதும். 'உங்க ஏரியா லைன் வீக்கு சார்'னு ஒரு வரில கதை முடிஞ்சுது. யார் யாருக்கு செஞ்சாங்கன்னு நான் சொல்ல வரல. செய்ய முடிஞ்சுது, அதுதான் விஷயம். அதனாலதான் 'எங்களைக் கீழ் வரிசைல வைங்க'ன்னு சேனல்காரங்களே கேபிள் கம்பெனிகளுக்குக் காசு கொடுத்தாங்க. கேரியேஜ் ஃபீன்னு பேர். எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம். நாடு முழுக்க மைக் பிடிச்சுப் பேசறவங்க, கடைசில ஒரு திருகாணிக்கு முன்னாடி கைகட்டி நின்னிருக்காங்க.

இன்னொரு கூத்தும் உண்டு. மொத்தம் எத்தனை வீட்டுக்கு லைன் போகுதுன்னு யாருக்கும் சரியா தெரியாது. ஒரு பேச்சுக்கு, தெருவுல ஆயிரம் வீடு இருந்தா கேபிள்காரர் கணக்குல முந்நூறுன்னு எழுதலாம், மீதி வீட்டுக் காசு கணக்குல வராது. வயர் எண்ணிக்கை சொல்லுமா என்ன?

இப்ப அரசியல். அன்னைக்கு சென்னைலயும் பெரிய ஊர்கள்லயும் கேபிள்ல பெரிய கை சுமங்கலி கேபிள் விஷன், சன் குழுமத்தோடது, கருணாநிதிக்குச் சொந்தக்காரங்களான மாறன் குடும்பம். 2007 மே மாசம் அவங்க பேப்பரான தினகரன்ல வந்த ஒரு கருத்துக்கணிப்பால கருணாநிதி குடும்பத்துக்கும் மாறன்களுக்கும் முட்டிக்கிச்சு. மதுரை தினகரன் அலுவலகத்துக்குத் தீ வெச்சதுல 3 ஊழியர்கள் செத்துப்போனாங்க. குடும்பச் சண்டைன்னு சிரிச்சுட்டுப் போற விஷயமில்ல அது. அதே வருஷம்தான் அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷனும் பிறந்துச்சு. தஞ்சாவூர், கோயம்புத்தூர், திருநெல்வேலி, வேலூர்னு கன்ட்ரோல் ரூம் எல்லாம் போட்டாங்க. 2008 டிசம்பர்ல குடும்பம் ஒண்ணு சேர்ந்துச்சு. "கண்கள் பனித்தன, இதயம் இனித்தது"ன்னார் கருணாநிதி. அரசு கேபிள் அப்படியே படுத்துக்கிச்சு.

2011 செப்டம்பர்ல ஜெயலலிதா அதை எழுப்பினார். சென்னை தவிர மத்த ஊர்களுக்கு மாசம் 70 ரூபாய். எங்கம்மாவைக் கேட்டா அவங்களுக்கு அந்த ஆட்சில ஞாபகம் இருக்கறது இந்த 70 ரூபாதான். ஆனா ஆரம்பிச்சப்போ அதுல சன் டிவி இல்ல! சீரியல் இல்லாத கேபிளை எந்த வீட்டுல ஒத்துக்குவாங்க? அப்புறம்தான் வந்துச்சு. என் கருத்து: விலையைக் குறைச்சது நல்ல வேலை. ஆனா திருகாணி ஒரு கைல இருந்து இன்னொரு கைக்குப் போச்சு, அவ்வளவுதான். 2018-ல புதிய தலைமுறை சேனலை அரசு கேபிள் பின்வரிசை நம்பருக்குத் தள்ளிடுச்சுன்னு எதிர்க்கட்சிகள் கொதிச்சது ஞாபகம் இருக்கா?

அதுக்குள்ள புள்ளி அடிக்கற காலம் முடிஞ்சு போச்சு. 2017-ல அரசு கேபிளுக்கு டிஜிட்டல் லைசென்ஸ் கிடைச்சு, இலவச செட்டாப் பாக்ஸ் வந்துருச்சு. டிஜிட்டல்ல படம் மெதுவா மங்காது. வந்தா முழுசா வரும், இல்லன்னா கட்டம் கட்டமா உறைஞ்சு நிக்கும். எத்தனை பாக்ஸ் ஓடுதுன்னு கணக்கும் தெரியும். அதனால இப்ப எல்லா விளையாட்டும் சேனல் நம்பர்லதான். ரிமோட்ல எத்தனை தடவை அழுத்தற பொறுமை உங்களுக்கு இருக்குங்கறதுதான் கேள்வி.

பாக்ஸுக்குள்ள மென்பொருள் வேற இருக்கே. 2022 நவம்பர்ல அந்த மென்பொருளைக் கொடுத்த தனியார் நிறுவனத்தோட தகராறு வந்து, லட்சக்கணக்கான பாக்ஸ்ல படம் நின்னுடுச்சு. சேனலை ஒவ்வொண்ணாத் தள்ற சிரமம்கூட இல்ல, மொத்தமா க்ளோஸ்.

உங்க ஊர்ல கேபிளுக்கு முதல் முதலா எவ்வளவு கட்டினீங்க, எந்த சேனல் எப்பவும் புள்ளி அடிச்சுது? ஊர் பேரோட கமென்ட்ல போடுங்க. முன்னாள் கேபிள்காரர் யாராவது பார்த்தீங்கன்னா, அண்ணே, அந்த முந்நூறு வீட்டுக் கணக்கைப் பத்தி மட்டும் தனியா பேசலாம்.